ஹாரன் அடிக்காமல் வந்த லாரி

எஸ்தர் மிஸ் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது அது என் காதில் விழவில்லை. சனிக்கிழமை காலை. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. குழாயைத் தரைத் தொட்டிக்குள் இறக்கியாயிற்று. இஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது, அணைத்தால் மறுபடி சுலபத்தில் கிளம்பாத வண்டி அது என்பதால் டிரைவர் பாபு அதை அணைப்பதே கிடையாது. எஸ்தர் மிஸ்ஸின் கணவர் தேவசகாயம் சார் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். "சாவித்திரிம்மா" என்றார். அதற்குப் பிறகு சொன்னது எதுவும் புரியவில்லை. நான் என் வழக்கப்படி, "சத்தமா சொல்லுங்க சார், லாரி நிக்குது!" என்று கத்தினேன். பாவம் மனிதர், அந்த வார்த்தையை அவர் உரக்கவும் ஒரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

பாபு என் முகத்தைப் பார்த்தான். மேலே ஏறி இஞ்சினை அணைத்தான். அந்த லாரி எங்கள் வாசலில் சத்தமில்லாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான். மத்தியானம் வரை தெருவை அடைத்துக்கொண்டு அப்படியே நின்றது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. நானே சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு எஸ்தர் மிஸ்ஸைப் பூகோள டீச்சராகத் தெரியும். உலக வரைபடத்தைக் கரும்பலகையில் ஒரே இழுப்பில் வரைகிறவர் என்று அவருடைய மாணவர்கள் சொல்வார்கள். சர்ச் சபையாருக்கு அவரைப் பெண்கள் ஐக்கியத்தில் தெரியும், கிறிஸ்துமஸ் கேக் வழியாகத் தெரியும். ஆனால் அவர் ஒரு டீசல் பைத்தியம் என்பது எங்கள் குடியிருப்புக்குத்தான் முழுசாகத் தெரியும். அவருக்கு ஓர் ஆசை இருந்தது. தண்ணீர் நிரம்பிய லாரியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்த வேண்டும். ஒரே ஒரு தடவை. கடைசிச் சில வருடங்களில் அவரிடம் எந்தப் பேச்சை எடுத்தாலும் அதில்தான் வந்து முடியும். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாம் ஆரம்பித்தது ஒரு கோடையில். எங்கள் ஆழ்குழாய்க் கிணறு வற்றி, குழாயில் காற்றுதான் வந்தது. லாரித் தண்ணீரே கதி. அது வரும் நேரம் அதற்கே தெரியாது. வந்தால் உடனே ஒருவர் ஓடிப்போய் கேட்டைத் திறந்து, வழியில் நிற்கும் பைக்குகளை நகர்த்தி, தொட்டி மூடியைத் தூக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் பாபு அடுத்த இடத்துக்குப் போய்விடுவான். அதனால் விடிந்தும் விடியாமலும் வந்து ஹாரனை அமுக்கிக்கொண்டே நிற்பான். நான் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், ஏற்கெனவே கோபக்காரி. பால்கனியிலிருந்து கத்தினேன். "ஏம்பா, நாங்க என்ன செவிடா? தெருவையே எழுப்புற!"

"ஹாரன் அடிக்காங்காட்டி யாரு வந்து கேட்டு தொறப்பாங்க? ஒரே பேஜாரா கீது செக்ரட்ரிம்மா. கோவிலம்பாக்கத்துல இன்னொரு லோடு குந்திகினு கீது" என்றான் அவன்.

அப்போது எதிர் பால்கனியில் எஸ்தர் மிஸ் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தார். "பாபு, நாளையிலேர்ந்து ஹாரன் வேண்டாம். நீ கோயில் திருப்பத்துல வரும்போதே கேட் திறந்திருக்கும்" என்றார்.

"எப்டி மிஸ்?"

"உன் வண்டியே சொல்லும்."

மறுநாள் அப்படியேதான் நடந்தது. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார், "நம்மளுது" என்றார், செருப்பை மாட்டினார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நாங்கள் கேட்டைத் திறந்து முடித்த பிறகுதான் லாரி கோயிலைத் தாண்டித் தலைகாட்டியது. எங்கள் பகுதியில் அந்தக் கோடையில் எத்தனையோ தண்ணீர் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் எங்களுடையது எது என்பது மட்டுமல்ல, நிரம்பி வருகிறதா, காலியாகத் திரும்புகிறதா என்பதும் அவருக்குத் தெரிந்தது. "வேகத்தடையில ஏறி இறங்கும்போது கேளுங்க சாவித்திரி. காலி லாரி தகரம் தகரமா அலறும். நிறை லாரி உம்முனு போகும், உங்களை மாதிரி" என்றார். நான் உம்மென்று இருந்தது அந்த ஒரு நாள்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அவர் பள்ளிக்குப் போகும் நேரத்தில் லாரி வந்தால் என்ன செய்வது? எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். முதல் மாடி ஆடிட்டர் குப்பை வண்டிக்கெல்லாம் கேட்டைத் திறந்துவிட்டுத் திட்டு வாங்கினார். ஆனாலும் அந்தக் கோடை முடிவதற்குள் எங்களில் பாதிப் பேருக்குக் காது வந்துவிட்டது. ஹாரன் நின்றது. பக்கத்துக் குடியிருப்பார் வந்து, "உங்களுக்கு மட்டும் எப்படி சத்தமே இல்லாம தண்ணி வருது?" என்று கேட்டார்கள். சத்தத்தோடுதான் வந்தது, எங்களுக்கு மட்டும் கேட்டது.

பிறகு மழை வந்தது. நல்ல மழை. கிணறு ஊறி, லாரி நின்றுபோனது. எல்லாரும் அப்பாடா என்றோம். எஸ்தர் மிஸ் மட்டும் ஒருநாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து, "ஒரு மாதிரியா இருக்கு சாவித்திரி" என்றார். நான் பதறிப்போய் சர்க்கரை பார்த்தீர்களா, பிரஷர் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்ல. அந்த வண்டிச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு! தாகத்துலதான் கேக்க ஆரம்பிச்சேன். இப்ப தண்ணி இருக்கு, காது அடங்க மாட்டேங்குது." எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒருவருக்கு ஒரு பொருள் மேல் ஆசை எப்படி வருகிறது என்று யாராவது என்னைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அவருக்கு லாரி மேல் ஆசை வந்தது குடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்ததில்.

அதற்குப் பிறகு நடைப்பயிற்சி என்று என்னை இழுத்துக்கொண்டு வேளச்சேரி சாலைச் சந்திப்புக்குப் போவார். நடை கொஞ்சம்தான். சிக்னல் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொள்வார். பச்சை விழுந்ததும் கனமான லாரிகள் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் அல்லவா, அதைக் கேட்க வேண்டுமாம். முதல் கியரில் திணறி, மூச்சு வாங்கி, இரண்டாவதுக்கு மாறும் அந்த இடம்தான் அவருக்கு உயிர். ஒருநாள் வழியில் போன ஒருவர், அம்மாவுக்கு மயக்கம் என்று நினைத்து கோலி சோடா உடைத்துக்கொண்டு வந்துவிட்டார். எஸ்தர் மிஸ் கண்ணைத் திறக்காமலே, "தேங்க்ஸ், ஒரு நிமிஷம், அந்த ஜல்லி லாரி போகட்டும்" என்றார். எனக்கு மானமே போயிற்று. சோடாவை நான்தான் குடித்தேன்.

ஆனால் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். இன்னொரு நாள் அதே இடத்தில் ஒரு லாரி கிளம்பிப் போனது. நானாக, யாரும் கேட்காமல், "இது பாபு வண்டி மாதிரியேதான் இருக்கு. ஆனா கூடவே மெல்லிசா ஒரு விசில் வருதே, அது என்ன?" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. எஸ்தர் மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் குதித்தார். "டர்போ! சாவித்திரி, டர்போ!" என்று அவர் கத்தியதில் சிக்னலில் நின்ற பைக்குக்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள். எனக்கு மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். புகையும் சத்தமும் ஆகாத நான் அன்றைக்கே விழுந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

தேவசகாயம் சார் சபைப் பாடகர் குழுவில் அடிக்குரலில் பாடுகிறவர். "எங்க வீட்டுக்காரர் நல்லா ஐடிலிங்ல நிப்பார்" என்று, நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கும் இஞ்சினோடு அவரை ஒப்பிட்டு, எஸ்தர் மிஸ் எல்லாரிடமும் சொல்வார். சார் முதலில் கோபித்துக்கொண்டாராம். "அது பாராட்டுன்னு புரியுறதுக்கு எனக்கு ரெண்டு கிறிஸ்துமஸ் ஆச்சு" என்பார்.

இதில் பெரிய கூத்து ஒன்று உண்டு. அடுத்த கோடையில் எஸ்தர் மிஸ், பாபு லாரி வருகிற சத்தத்தைப் பதிவு செய்து தன் போனில் ரிங்டோனாக வைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிடமே அசந்து தூங்குகிறது. அமெரிக்காவிலிருந்து அவர் மகன் கூப்பிட்டான். போன் பால்கனிக் கம்பி மேல் இருந்தது. அவ்வளவுதான். ஆடிட்டர் பனியனோடு இறங்கி ஓடினார். ஒருவர் கேட்டைத் திறந்தார், இருவர் ஒரு காரைத் தள்ளினார்கள், நான் தொட்டி மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். தெருவில் ஒரு நாய் மட்டும் படுத்திருக்கிறது. மேலே எஸ்தர் மிஸ், "ஹலோ, சொல்லுடா கண்ணா" என்று பேசிக்கொண்டிருக்கிறார். வேறு எந்த ஊரில், எந்த மனிதர்கள் ஒரு ரிங்டோனுக்குத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்திருப்பார்கள்? ஆடிட்டர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஓய்வு பெற்றதும் ஆசையை வெளியே சொன்னார். "ஹெவி லைசென்ஸ் எடுக்கப்போறேன். நிறை லாரியை நானே ஓட்டிக்கிட்டு வந்து நம்ம வாசல்ல நிறுத்தணும்."

"முட்டி வலின்னு மாடிப்படி ஏற மாட்டேங்குற. லாரி கிளட்ச்சை எப்படி மிதிப்ப?" என்றார் சார். மகன் போனிலேயே சண்டை போட்டான். இதய டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தாராம். நானும் சும்மா இருக்கவில்லை. ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் நன்றாகத் திட்டினேன். அவர் கோபப்படவே இல்லை. "சாவித்திரி, இத்தனை வருஷம் நான் பிள்ளைங்களுக்கு எல்லா ஊரையும் சுவத்துல தொங்குற மேப்புல காட்டினேன். ஒரு ஊருக்கும் போனதில்ல. அதே மாதிரி இந்த வண்டியையும் வெளியில நின்னு கேட்டுட்டே போயிடணுமா?" என்றார். அதோடு நான் திட்டுவதை நிறுத்திவிட்டேன். அப்படி ஆனது என் வாழ்க்கையில் அபூர்வம்.

தாம்பரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். முதல் தடவை தேர்வில் பின்பக்கமாக எடுக்கும்போது கம்பத்தைச் சாய்த்துவிட்டு வந்தார். "கம்பம் விழுந்த சத்தம்கூட நல்லாத்தான் இருந்தது" என்றார். அடுத்த தடவை லைசென்ஸ் வந்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் லட்டு. பாபுவுக்கு மட்டும் முகம் தொங்கிப்போயிற்று. "இன்னா மிஸ் இது, லாரிதானே? எனக்கே அதும்மேல ஆசை இல்ல. எனக்கு பைக்குதான் புடிக்கும்" என்றான். உண்மைதான், அந்த இஞ்சினைப் பற்றி எங்கள் ஆடிட்டர் பேசுவதில் பாதிகூட அவன் பேச மாட்டான்.

அடுத்தது லாரி முதலாளி ஏகாம்பரம் அண்ணன். அந்தக் காலத்தில் இங்கே நெல் போட்ட குடும்பம். நிலம் மனைகளாகிப் போக, மிஞ்சிய கிணறும் இரண்டு லாரிகளும் அவருடையவை. எஸ்தர் மிஸ் நேரே அவர் வீட்டுக்கே போய்க் கேட்டார். நானும் கூடப் போனேன். அண்ணன் நெற்றியைச் சொறிந்துகொண்டார். "மிஸ், என் பையன் உங்ககிட்டதான் படிச்சான். பாஸ் பண்ணிட்டான். உங்களுக்கு இல்லேன்னு சொல்ல வாய் வர்ல. ஆனா அந்த வண்டி கோயில் திருப்பத்துல நின்னுச்சுன்னா மறுபடி கிளம்பாது. லோடோட ஏத்தம் வேற. பின்னாடி உருண்டுச்சுன்னா?" என்றார். "நிக்காது" என்றார் எஸ்தர் மிஸ். பாபு பக்கத்தில் உட்கார வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு காலை நேரத்துக்குச் சம்மதம் கிடைத்தது.

அந்தக் காலை எங்கள் குடியிருப்பில் ஒருவரும் வேலைக்குக் கிளம்பவில்லை. நான் பால்கனியில் போனைப் பதிவில் போட்டுவிட்டு நின்றேன். கீழே கேட்டருகே சார், கையைக் கட்டிக்கொண்டு, உதடு அசைய. ஜெபம்தான். வேகத்தடையில் லாரி ஏறும் சத்தம் கேட்டது. உம்மென்று வந்தது. "நிறை லோடு" என்றார் ஆடிட்டர், யாரோ கேட்ட மாதிரி. வழக்கத்தைவிட மெதுவாக வந்தது. கோயில் திருப்பம். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்க வேண்டிய இடம். ஒரு க்ரர்ர்ர்! கியர் விழவில்லை. பல்லோடு பல் அரைத்தது. இஞ்சின் சத்தம் இறங்கிக்கொண்டே போயிற்று, இறங்கி, இறங்கி, இதோ நின்றுவிடும் என்ற இடம் வரைக்கும். ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாத நான் இடது காலால் பால்கனித் தரையைக் கிளட்ச்சாக நினைத்து மிதித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கிறேன், எல்லாப் பால்கனியிலும் எல்லாரும் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு ஒரு தடக். கியர் விழுந்தது. இஞ்சின் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்து ஏறிற்று பாருங்கள், எனக்குக் கண்ணில் நீர் கொட்டிவிட்டது.

லாரி கோயிலைத் தாண்டித் தலைகாட்டியது. காட்டன் புடவையும் மூக்குக்கண்ணாடியுமாக எஸ்தர் மிஸ் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தார். ஹாரன் அடிக்கவில்லை. வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பிரேக்கில் காற்று புஸ்ஸென்று போயிற்று. கைதட்டிக் கத்தினோம். இறங்கியவர் கணவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். யாராக இருந்தாலும் "பாத்தீங்களா?" என்றுதான் கேட்டிருப்பார்கள். அவர் "கேட்டீங்களா சாவித்திரி?" என்றார். நான் அழுதுகொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. மறுபக்கக் கதவிலிருந்து இறங்கிய பாபு, "உயிரு போயி வந்துச்சு செக்ரட்ரிம்மா" என்றான். அடுத்த வாரம் மொட்டையோடு வந்தான். வண்டி முழுசாக வந்தால் குன்றத்தூர் முருகனுக்கு முடி கொடுப்பதாக அந்தத் திருப்பத்திலேயே வேண்டிக்கொண்டானாம்.

நான் பதிவு செய்ததைத்தான் எஸ்தர் மிஸ் புது ரிங்டோனாக வைத்துக்கொண்டார். அந்தக் கியர் அரைக்கும் சத்தத்தை மட்டும் வெட்டிவிடலாமே என்றேன். "ஐயோ, வெட்டக் கூடாது. அந்த க்ரர்ர்தான் நான். மீதியெல்லாம் வண்டி" என்றார்.

அடக்கத்தன்று எங்கள் கார் நிறுத்துமிடத்தில் பந்தல் போட்டிருந்தோம். நல்ல கூட்டம். மகன் வந்துவிட்டிருந்தான். ஏகாம்பரம் அண்ணன் மாலையோடு வந்திருந்தார். போதகர் ஜெபத்தை ஆரம்பித்தார். எல்லாரும் தலைகுனிந்திருந்த நேரத்தில், தெரு முனையில் லாரி வந்தது. வேகத்தடையில் ஏறியது. நிறை லோடு.

ஆடிட்டர் எழுந்தார். இரண்டு பேர் கேட்டை நோக்கி நடந்தார்கள். ஒருவர் வழியிலிருந்த பைக்கின் ஸ்டாண்டை எடுத்துவிட்டார். பாபுகூட எழுந்து எட்டிப் பார்த்தான். அவனுடைய லாரி எதிரே ஓரமாக நிறுத்தியிருக்கிறது என்பது அவனுக்கே மறந்துவிட்டது. சத்தம் திருப்பத்துக்கு வந்தது. க்ரர்ர்ர். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. தேவசகாயம் சாரின் சட்டைப் பையில் எஸ்தர் மிஸ்ஸின் போன் அடித்துக்கொண்டிருந்தது. கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிற அழைப்பு என்று பிறகு தெரிந்தது. சார் அதை எடுக்கவுமில்லை, நிறுத்தவுமில்லை. போதகரும் ஜெபத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். இஞ்சின் இறங்கி, இறங்கி, கியர் விழுந்து, ஏறி, வாசல் வரை வந்து, புஸ்ஸென்று நின்றது.

"வந்துட்டா" என்றார் சார். அந்த அடிக்குரலில்தான். யாரோ ஒருவர் சிரிக்க, பந்தல் முழுக்கச் சிரித்தது. சிரித்துக்கொண்டே அழுதோம். போதகரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார்.

இப்போது மறுபடி கோடை. பாபுவின் லாரி வருகிறது, ஹாரன் இல்லாமல். எஸ்தர் மிஸ்ஸிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், புடவை, புத்தகம் என்று எதுவும் இல்லை. இந்த இடது கால்தான். அடுப்படியில் நின்றாலும் சரி, பூஜை அறையில் உட்கார்ந்திருந்தாலும் சரி, லாரி கோயில் திருப்பத்துக்கு வரும்போது அது தானாகத் தரையை அமுக்குகிறது. கியர் விழும் வரைக்கும் எடுப்பதில்லை. விழுந்ததும், அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலைச் சொல்லிவிட்டுத்தான் கேட்டைத் திறக்கக் கீழே இறங்குகிறேன்.

கேட்டேன், எஸ்தர்.